ஏவல் வினையில் கற்ற ஆங்கிலம்

மலையகத் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தைப் பாடசாலையிலேயே முதன்முதலாகச் சந்திக்கின்றனர் என்று பொதுவாகக் கூறப்படுகின்றது. இக்கூற்று முழுவதும் உண்மையன்று. லுணுகலைப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்த பிள்ளை, பாடசாலை வாசலை மிதிப்பதற்கு முன்னரே பத்துப் பதினைந்து ஆங்கிலச் சொற்களையேனும் நாவிற் சுமந்துகொண்டிருக்கின்றது. அவை ஆங்கிலச் சொற்கள் என்பதுதான் அதற்குத் தெரியாது.

விடியற்காலையில் தொழிலாளர் கூடி நிற்குமிடம் பெரட்டுக்களம். படைவீரரின் அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்ற சொல்லே பெரட்டு ஆயிற்று என்பர். வேலைக்கு வந்தவர் பெயரைப் பதியும் ஏடு செக்ரோல். தோட்டத்தின் பிரிவு டிவிசன். தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோர். எங்கள் பாட்டிமார் வாயில் அது 'இஸ்டோர்'. வரிசையாகக் கட்டப்பட்ட குடியிருப்பின் 'லைன்' என்னும் பெயர் லயமாகத் திரிந்தது. குதிரை கட்டும் லாயத்திலிருந்தே அச்சொல் வந்தது என வாதிடுவாரும் உளர். பத்தடி அறைக்குள் ஒரு குடும்பம் முழுவதும் படுத்துறங்கக் கண்டவர்களுக்கு அவ்வாதமும் பொருத்தமற்றதாகத் தோன்றாது. இவற்றோடு ஆங்கிலேயருக்கு முற்பட்ட சொற்களும் கலந்து கிடக்கின்றன. காம்பராவின் முன்னேயுள்ள இஸ்தோப்பு ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. கல்லைப் புரட்டும் அலவாங்கும், சம்பள நாளிற் குடும்பங்களைப் புரட்டும் தவறணையும் போர்த்துக்கேயர் தந்தவை.

இச்சொற்களை ஒருமுறை நிரல்படுத்திப் பார்த்தேன். கூட்டிவைத்தல், எண்ணுதல், நிறுத்தல், பிரித்தல், கழித்தல் என்ற தொழில்களைச் சுற்றியே அவை யாவும் சுழல்கின்றன. உறவு முறைக்கோ, துக்கத்துக்கோ, வேடிக்கைக்கோ எங்கள் முன்னோர் ஆங்கிலத்தில் ஒரு சொல்லேனும் கடன் வாங்கவில்லை. அவற்றுக்கெல்லாம் தமிழே போதுமானதாயிருந்தது. அந்த மொழி அவர்களுடன் பேசியதேயில்லை, அவர்களை வேலை வாங்கியது மட்டுமே என்பது இதனாற் புலனாகும்.

லுணுகலையை அறியாத நண்பர்களுக்காக அதன் இருப்பிடத்தைச் சொல்லிவைக்கலாம். புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டு பதுளைக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு அப்பால் பஸ்தான். பதுளையிலிருந்து பசறைக்கு ஏறி, மலைகளைச் சுற்றிச் சுற்றி லுணுகலைக்கு வந்து, பின்னர் பிபிலைக்கு இறங்கி, மகாஓயா வழியாகச் செங்கலடியை அடையும் நெடுஞ்சாலையின் இடையில் அமைந்தது எங்கள் கடைவீதி. மேலே ஹொப்டன், அடாவத்தை முதலிய தேயிலைத் தோட்டங்கள். கீழே செல்லச் செல்லச் சிங்களக் கிராமங்களும் வயல்களும். கடைத் தெருவில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என மூவரும் வியாபாரஞ் செய்கின்றனர். இம்மூவரில் எவர் வீட்டிலும் ஆங்கிலம் பேசப்படுவதில்லை. எனினும் பெயர்ப்பலகைகளில் மும்மொழியும் உண்டு.

பாடத்திட்டத்தின்படி ஆங்கிலம் இரண்டாம் மொழி. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி அது இணைப்பு மொழி. எங்கள் ஊரின் நடைமுறைப்படியோ அது மூன்றாம் மொழி. இணைப்பு வேலையைச் சிங்களமே செய்துவந்தது. பஸ் நடத்துநர் "நங்கி, கொஹாத யன்னே?" என்று கேட்டால் எங்கே போகின்றோம் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாவிடின் சீட்டுக் கிடையாது. பிழையாகச் சொன்னாலும் அவர் சிரித்துவிட்டுச் சீட்டைக் கிழித்துத் தருவார். இவ்வாறு கடையிலும் சந்தையிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் எவரும் கற்பிக்காமலே சிங்களம் எங்களுக்கு வந்தது. அதிற் பால், எண் வழுக்கள் மலிந்திருந்தன, ஆயினும் அச்சமிருக்கவில்லை. ஆங்கிலமோ நாளொன்றுக்கு 40 நிமிடம், கரும்பலகைக்கும் மேசைக்கும் இடைப்பட்ட இடத்தில் மட்டுமே வாழ்ந்தது. மணி அடித்ததும் அது பெட்டிக்குள் போய்விடும். மறுநாள் அதே பெட்டியிலிருந்து எடுக்கப்படும். கற்பித்தல் முறை பற்றி ஆயிரம் சொல்லலாம். வகுப்பறைக்கு வெளியே ஒரு மனிதரிடமேனும் பேசித் தீரவேண்டிய தேவை இல்லாத மொழி நாவில் ஏறாது என்பதே என் துணிபு.

இந்நிலை தற்செயலாக வந்ததன்று. தோட்டப் பாடசாலைகளின் வரலாறு அதற்குச் சான்று. 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும், அதன்பின் 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தின. 1920ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளையே கருத்திற் கொண்டது. அச்சட்டம் குறித்த கல்வி தாய்மொழிக் கல்வியாகும். தாய்மொழியிற் கற்பதைக் குறை கூறுவேனல்லேன். இக்கட்டுரையை எழுதும் வலிமையை எனக்குத் தந்தது அதுவே. ஆனால் அக்காலத்தில் அதிகாரமும் உத்தியோகமும் நீதிமன்றமும் ஆங்கிலத்தில் நடந்தன. பட்டணத்தில் கட்டணம் அறவிடும் பாடசாலைகள் ஆங்கிலம் கற்பித்தன. ஒருவனுக்கு எழுத்தறிவு வேண்டும், அது ஏட்டிற் கையொப்பமிடும் அளவோடு நிற்கவும் வேண்டும் என்று கருதிய ஓர் ஒழுங்கில், 'தாய்மொழி' என்பது அன்பினால் இடப்பட்ட சொல்லன்று, எல்லைக்கல்லாக நடப்பட்டது.

சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தபோது நாடெங்கும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கதவு திறந்தது. தோட்டப் பாடசாலைகளோ அக்கதவுக்கு வெளியே நின்றன. 1960களின் தொடக்கத்தில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் பெரும்பாலும் அரசுடைமையாக்கப்பட்டபோதும் அவை தொடப்படவில்லை. 1975இற் கம்பனித் தோட்டங்களை அரசு பொறுப்பேற்ற பின்னர், 1977ஆம் ஆண்டு முதலாகவே அப்பாடசாலைகள் படிப்படியாக அரசின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. 1980களில் சுவீடன் நாட்டு நிறுவனமான சீடா, கட்டடங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் உதவிற்று. ஒரே மண்டபத்தில், ஒரே ஆசிரியரிடம், ஐந்து வகுப்புகள் கூச்சலிட்ட நிலை மெல்ல மாறியது. சுவர்கள் எழுந்தன, தமிழ் கற்பிக்கவும் கணிதங் கற்பிக்கவும் மலையக இளைஞர்களே ஆசிரியர்களாக வந்தனர். ஆங்கில ஆசிரியர் எங்கிருந்து வருவார்? அரை நூற்றாண்டாக ஆங்கிலம் விதைக்கப்படாத நிலத்தில் ஆங்கில ஆசிரியரை மாத்திரம் அறுவடை செய்தல் இயலாதன்றோ.

வெளியிலிருந்து நியமனம் பெற்று வந்தோரும் இருந்தனர். பஸ் இறங்கி மூன்று மைல் மலையேறவேண்டிய பாடசாலையில் அவர்கள் நெடுங்காலம் தங்குவார்கள் என எதிர்பார்த்தல் நியாயமன்று. நான் கற்ற பாடசாலையில் ஆறாந் தரத்திலிருந்து ஒன்பதாந் தரம் வரை ஆங்கிலத்துக்கு நால்வர் வந்து போயினர். இடையில் ஓராண்டு எவருமில்லை. அவ்வாண்டில் ஆங்கிலப் பாடவேளையில் நாங்கள் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினோம். பூக்கள் நன்றாகவே பூத்தன.

இவ்விடத்தில் ஒரு விநோதமான செய்தியைக் கூறவேண்டும். எங்கள் முன்னோர் ஆங்கிலங் கற்கவில்லை. ஆனால் துரைமார் தமிழ் கற்றனர். 19ஆம் நூற்றாண்டிலேயே, புதிதாக வந்திறங்கும் சின்னத்துரைமாரின் சட்டைப்பையிற் கிடக்கத்தக்கதாக ஒரு தமிழ் வழிகாட்டி கொழும்பில் அச்சிடப்பட்டது. ஏ. எம். பெர்குசன் என்பவர் தொகுத்த அந்நூலின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பார் 'கூலித் தமிழ்' என்ற பெயரில் இன்னொரு நூலை வெளியிட்டார். ஒரு மொழியைக் கற்க விரும்புவோன் எச்சொல்லில் தொடங்குகின்றான் என்பதைக் கொண்டே அவன் அம்மொழியாரை எவ்வாறு மதிக்கின்றான் என்பதை அறிந்துகொள்ளலாம். 'வணக்கம்' என்றோ 'உன் பெயர் என்ன' என்றோ அந்நூல் பெயர் பெறவில்லை. தமிழ் இலக்கணத்திற் பகுதியே ஏவலாக நிற்கும். வா, போ, நில், எடு என்பவற்றுக்கு விகுதி தேடி அலையவேண்டியதில்லை. மொழியில் மிக எளிதான அவ்வடிவத்தோடு துரைக்குத் தமிழ் தொடங்கிற்று. அவருள் அநேகருக்கு அங்கேயே முடிந்தும் போயிற்று.

இதனை வாசித்தபோது எனக்கு எங்கள் வகுப்பறை நினைவுக்கு வந்தது. 1999ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தோடு, முதலாந் தரத்திலேயே செயற்பாடுகளின் வாயிலாக ஆங்கிலத்தைப் பேச்சிலே பழக்கும் முறை புகுத்தப்பட்டது. நூலும் எழுத்தும் மூன்றாந் தரத்திலேயே தொடங்கும். நல்ல நோக்கங்கொண்ட முறைதான். எங்களிடம் அது எவ்வடிவில் வந்து சேர்ந்தது? 'ஸ்டாண்ட் அப்', 'சிட் டவுன்', 'கம் ஹியர்', 'கோ பெக்', 'கீப் குவயட்'. ஐந்தாண்டுகளின் பின்னரும் எங்களிற் பலருக்குத் திடமாகத் தெரிந்த ஆங்கிலம் அதுவே. நாங்கள் எழுந்தோம், இருந்தோம், வந்தோம், போனோம். விடையிறுக்க வேண்டிய இடத்தில் 'யெஸ் டீச்சர்', 'நோ டீச்சர்'. துரையின் தமிழும் எங்கள் ஆங்கிலமும் நூறாண்டு இடைவெளியில் ஒரே இலக்கணத்தைக் கற்றிருந்தன. அவர் ஏவும் பக்கத்தையும் நாங்கள் ஏவப்படும் பக்கத்தையும் கற்றோம் என்பதே வேற்றுமை. ஆசிரியர் எவரும் இதனைக் கருதிச் செய்தாரல்லர். அவர்களுக்கும் அவ்வாறே கற்பிக்கப்பட்டது.

ஏவலைத் தாண்டியதும் இலக்கணம் வந்து வழிமறித்தது. 'திஸ் இஸ் எ பென்' என்ற முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழில் 'இது பேனா' என்றால் வாக்கியம் முற்றுப்பெறுகின்றது. நடுவே வினை நிற்கவேண்டிய அவசியமில்லை. 'இஸ்' என்பதன் பொருள் யாது என்று ஒரு பிள்ளை கேட்டபோது, 'இருக்கின்றது' என்று விடை வந்தது. அன்று முதல் நாங்கள் 'இது ஒரு பேனாவாக இருக்கின்றது' என்று தமிழிலே எழுதத் தொடங்கினோம். தமிழாசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். 'எ' என்பதற்கு 'ஒரு' என்று சமாதானஞ் செய்துகொண்டாலும் 'த' என்பதற்குத் தமிழில் ஓர் இணையும் கிடைக்கவில்லை. பெயருக்கு முன் அது எப்போது வரும், எப்போது வராது என்பது இன்றும் எனக்கு முழுதும் விளங்கிய பொருளன்று. தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டிக்கொண்டு போகும். ஆங்கிலத்திலோ அது முன்னே தனித்து நடக்கின்றது. எழுவாயின் பின் செயப்படுபொருளும் ஈற்றில் வினையுமாக நடந்து பழகிய நாவுக்கு, வினை நடுவிலே வந்து குறுக்கிடுவது படியில்லாத இடத்திற் கால் வைப்பது போன்றது.

எழுத்துத் தொல்லை தனி. ஆங்கிலச் சொல்லின் கீழே அதன் ஒலியைத் தமிழெழுத்தில் எழுதிக்கொள்வது எங்கள் வழக்கம். தமிழில் வல்லினப் பகரம் ஒன்றுதான். ஆகவே மின்விசிறிக்கும், பொரிக்கும் சட்டிக்கும், தடைக்கும் என் அப்பியாசப் புத்தகத்தில் 'பேன்' என்ற ஒரே சொல் எழுதப்பட்டிருந்தது. நாலாவதாகத் தலையில் ஊரும் பேனும் இருந்தமையால், அப்பாடம் நடந்த நாளில் வகுப்பு முழுவதும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தது. சிரிப்பு நல்லதுதான். ஆனால் இவ்வேறுபாடுகளை ஒருவர் எடுத்து விளக்கியிருந்தால், அதாவது, உங்கள் மொழி இவ்வாறு நடக்கின்றது, அம்மொழி அவ்வாறு நடக்கின்றது, இரண்டில் எதுவும் குறையுடையதன்று என்று சொல்லியிருந்தால், எங்களுக்கு மூளை இல்லை என்று நாங்களே முடிவு செய்திருக்கமாட்டோம். பத்தாந் தரத்தில் வந்த ஆசிரியர் ஒருவர்தாம் அதைச் செய்தார். அவர் பெரிய ஆங்கிலப் புலமையுடையவர் என்று கூறமுடியாது. "எனக்கும் இது படிச்ச மொழிதான், பொறந்த மொழி இல்ல, தெரியாததத் தேடிப் பாத்துச் சொல்றேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மேசைமேல் அகராதி ஒன்று எப்பொழுதும் கிடந்தது. எங்கள் முன்னிலையிலேயே அதைப் புரட்டுவார். ஆசிரியரும் தேடலாம் என்பது எங்களுக்குப் புதிய செய்தி.

அவரிடம் நான் கொண்டுபோன முதலாவது வினா பாடநூலிலிருந்து எழுந்ததன்று. அதை இங்கு விரிவாகச் சொல்லுதல் தகும்.

எங்கள் தோட்டத்திற் சம்பளச் சிட்டை ஆங்கிலத்திலேயே அச்சாகி வரும். சிறு சிறு கட்டங்கள், கட்டங்களின் தலையில் குறுக்கப்பட்ட சொற்கள், கீழே இலக்கங்கள். இலக்கங்களை எல்லோரும் வாசிப்பர். சொற்களை ஒருவரும் வாசிப்பதில்லை. கைக்கு வரும் தொகையைப் பார்த்துவிட்டு மடித்து அரிசிப் பானைக்கு அருகில் வைத்துவிடுவர். ஒரு மாலை, எங்கள் லயத்து மூன்றாங் காம்பராப் பெரியம்மா தம் சிட்டையோடு வந்தார். "ஏம்புள்ள, நீதான் இங்கிலீசு படிக்கிறியே. இதுல என்னா போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லு. கொழுந்து கூட எடுத்தும் காசு கொறையுது" என்றார்.

நான் பார்த்தேன். ஆண்டுகள் பலவாக ஆங்கிலம் படித்திருந்தேன். யானைக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் ஆங்கிலம் தெரியும். கடற்கரைக்குச் சுற்றுலா சென்ற சிறுவன் என்ன உண்டான் என்பது தெரியும். நாங்கள் ஒருவரும் கடலைக் கண்டதில்லை என்பது வேறு. பெரியம்மாவின் சிட்டையில் இருந்த சொற்களில் 'ஓவர் கிலோ' என்பது மாத்திரம் தெரிந்தது. அதுவும் மலையிற் கேட்ட சொல்லே. மற்றவற்றை ஒரு தாளிற் பார்த்தெழுதி மறுநாள் ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் அன்றைய பாடத்தை மூடிவைத்துவிட்டு அச்சொற்களைக் கரும்பலகையில் எழுதினார். பிடித்தம், முற்பணம், நிலுவை, மீதி, சந்தா, ஊழியர் சேமலாப நிதி. ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழ். அன்று வகுப்பில் ஒருவரும் உறங்கவில்லை. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் அதனைத் தங்கள் அப்பியாசப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திற் பார்த்தெழுதினர். அவர்கள் வீட்டிலும் ஒரு சிட்டை இருந்ததே காரணம்.

மாலையில் பெரியம்மாவும் நானும் பழைய சிட்டைகளை இஸ்தோப்பில் விரித்து வைத்து எண்ணினோம். தீபாவளி முற்பணத்தின் தவணை, தீர்ந்துபோன பின்னரும் இரண்டு மாதம் கழிக்கப்பட்டிருந்தது. பெரிய தொகையன்று. ஆனால் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் தாங்கி மலையேறுகின்றவருக்கு அத்தொகை எத்தனை கிலோ என்பது தெரியும். மறுநாள் அவர் சிட்டைகளோடு காரியாலயத்துக்குச் சென்றார். அங்கிருந்தவர் கணக்கைப் பார்த்தார், பிழை என்றார், அடுத்த மாதம் சேர்த்துப் போடுவதாகச் சொன்னார், போடவும் செய்தார். இதில் எவரும் வஞ்சகஞ் செய்ததாக நான் கருதவில்லை. பெரியம்மா திரும்பி வந்து சொன்ன ஒரு செய்தியே என் மனத்திற் பதிந்தது. காரியாலயத்திற் கேட்கப்பட்ட முதற் கேள்வி தொகையைப் பற்றியதன்று. "இத யாரு வாசிச்சது?" என்பதே.

அக்கேள்வியை நான் பல தடவை எண்ணிப் பார்த்திருக்கின்றேன். எங்கள் பகுதியில் ஆங்கிலத்தின் அதிகாரம் அது பேசப்படுவதனால் வந்ததன்று. எழுதப்படுவதனாலும், அதை வாசிக்க ஆளில்லாமையினாலும் வந்தது. இவ்வதிகாரத்தை முதலில் நன்குணர்ந்து பயன்படுத்தியவர் கோ. நடேசய்யர் எனலாம். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த அவர், தொழிலாளரைத் திரட்டுவதற்குத் தமிழையும், தோட்ட முதலாளிகளோடும் ஆட்சியாளரோடும் பொருதுவதற்கு ஆங்கிலத்தையும் கையாண்டார். சட்டசபையிலும் அரசாங்க சபையிலும் அவர் அமர்ந்தபோது, துரைமாரின் மொழியிலேயே துரைத்தனத்தைக் கண்டிக்கும் குரல் ஒன்று எழுந்தது. அவர் 1947இல் மறைந்தார். அதே ஆண்டில் முதலாவது பாராளுமன்றத்துக்குத் தலவாக்கலையிலிருந்து தெரிவானவர் சி. வி. வேலுப்பிள்ளை. தோட்டத்திலே பிறந்த அவர், தேயிலைத் தோட்டத்து வாழ்வைப் பாடிய நெடுங்கவிதையை ஆங்கிலத்தில் எழுதினார். சக்தி பாலையா அதனைத் தமிழாக்கிய பின்னரே எங்களைப் போன்றோர் அதனை வாசித்தோம். தன் பாட்டியின் கதையை மொழிபெயர்ப்பில் வாசிக்கும் நிலை விசித்திரமானது. எனினும் அக்கவிதை ஆங்கிலத்திற் பிறந்திருக்காவிட்டால், எங்களைக் கணக்கேட்டின் இலக்கமாகவே கண்டோர் எங்களை மனிதராகக் காண இன்னும் சில காலம் சென்றிருக்கும்.

பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் இவ்வாங்கிலத்துக்கு இன்னொரு பெயர் உண்டென அறிந்தேன். பேராதனையில் சிங்கள மாணவர் அதனைக் 'கடுவ' என்கின்றனர்; வாள் என்பது பொருள். ஒருவர் ஆங்கிலத்திற் பேசினால் அவர் வாளை உருவிவிட்டார் என்பர். இவ்வழக்கு நெடுங்காலமாக இருந்து வருவது. பேராசிரியர் திரு கந்தையா இச்சொல்லையே தலைப்பிற் கொண்டு, ஆங்கிலம் இந்நாட்டில் அதிகாரத்தின் ஆயுதமாக நிற்கும் தன்மையை 1984இல் வெளியான கட்டுரையொன்றில் ஆராய்ந்துள்ளார். சுயமொழிப் போதனை 1960களிலிருந்து கலைப்பீடத்துக்குக் கிராமத்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்தது. அவர்கள் வந்து சேர்ந்த இடத்தில், கதவு திறந்திருந்தும் உள்ளே ஒரு வாள் தொங்குவதைக் கண்டனர்.

முதலாண்டில் ஆங்கில வகுப்பில் என் பக்கத்து ஆசனத்தில் இருந்தவள் பிபிலைக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்துப் பெண். எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் ஓடும் அதே பஸ்ஸில் வந்து போகின்றவள். அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்குக் கடைத்தெருச் சிங்களம் தெரியும். விரிவுரையாளர் இருவரையும் ஆங்கிலத்தில் உரையாடச் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்கு நேர்ந்தவை யாவும் அவளுக்கும் நேர்ந்திருந்தன என்பதை அறிய நெடுநேரம் செல்லவில்லை. ஆசிரியரில்லாத ஆண்டுகள், பூச்செடிகள், 'சிட் டவுன்', எல்லாம். தோட்டத்துத் தமிழ்ப்பிள்ளைக்கே உரிய தனித்துயர் என்று நான் எண்ணியிருந்ததிற் பாதி, ஊவா மாகாணத்தின் பொதுச் சொத்தாயிருந்தது. மீதிப் பாதி எங்களுடையதேயாம்; அதனை விட்டுக்கொடுக்க நான் ஆயத்தமாயில்லை. அவளுடைய பாட்டனாரின் காணி உறுதி அவருடைய மொழியிற் படித்துச் சொல்லப்பட்டது. என் பாட்டனாருக்குக் காணியுமில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர் நாடுமிருக்கவில்லை. அதற்காக அவர் நிரப்பிய படிவங்களில் ஒன்றையேனும் அவர் வாசித்திருக்கமாட்டார்.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நல்ல பாடசாலைகளிற் கற்று வந்த தமிழ் நண்பர்கள் சிலர், கலைப்பீடத்தில் தமிழிலேயே பட்டம் பெறலாமே, இவ்வளவு அலட்டல் எதற்கு என்கின்றனர். பெறலாம். நானும் தமிழிலேயே பரீட்சை எழுதுகின்றேன். ஆனால் மலையக வரலாறு பற்றி ஒரு சிற்றாய்வு செய்யப் புகுந்தபோது நூலகத்தில் என் முன் வைக்கப்பட்டவை எவை? தோட்டங்களின் விபரக் கொத்துகள், ஆணைக்குழு அறிக்கைகள், துரைமாரின் நினைவுக் குறிப்புகள், குமாரி ஜயவர்தனவின் தொழிலாளர் இயக்க வரலாறு. அனைத்தும் ஆங்கிலம். எங்கள் பாட்டன் பூட்டன் எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் வழியில் இறந்தனர், என்ன கூலி பெற்றனர் என்பன யாவும் எங்களால் வாசிக்கமுடியாத மொழியிற் பத்திரமாக இருக்கின்றன. முதற் பத்துப் பக்கங்களை வாசிக்க எனக்குப் பன்னிரண்டு நாட்கள் சென்றன. ஒவ்வொரு வரிக்கும் அகராதி. நாற்பதாம் பக்கத்துக்கு வந்தபோது வேகம் கூடிற்று. சொற்கள் திரும்பத் திரும்ப வந்தமையே காரணம். பெரியம்மாவின் சிட்டையிலிருந்த முற்பணமும் பிடித்தமும் நிலுவையும் 19ஆம் நூற்றாண்டு அறிக்கையிலும் அப்படியே இருந்தன. வகுப்பறையின் ஒட்டகச்சிவிங்கி ஓரிடத்திலும் எதிர்ப்படவில்லை.

ஆங்கில மொழிமூலப் போதனை 2001ஆம், 2002ஆம் ஆண்டுகளில் அரசாங்கப் பாடசாலைகளில் மீண்டும் தொடங்கப்பட்டது. அதற்கு ஆசிரியருள்ள பெரிய பாடசாலைகள் அதைப் பற்றிக்கொண்டன. மலைமேலிருந்த பாடசாலைகள் பத்திரிகையில் வாசித்தறிந்தன. 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் பட்டப் படிப்புகள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. எங்கள் மலையுச்சியில் நின்று பார்த்தால் பதுளைப் பக்கத்து மலைகள் தெரியும். பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2020ஆம் ஆண்டில், கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் இடம் தேடி நாங்கள் ஏறி நின்றதும் அதே உச்சிதான். ஒரு தொலைபேசியைச் சுற்றி ஆறு பிள்ளைகள். ஆங்கில ஆசிரியரின் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். மழை வந்தால் பாடம் முடியும். அப்போதும் ஒரு சிறுமி தேயிலைச் செடியின்மேற் கொப்பியை விரித்துக் குறிப்பெழுதினாள். அவளுக்கு ஆங்கிலத்தில் ஆர்வமில்லை என்று எந்த அறிக்கை சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

சென்ற விடுமுறையில் எங்கள் பிரிவின் பிள்ளைக்காம்பராவை மாலை வேளைகளிற் கேட்டுப் பெற்று, ஒன்பதாம், பத்தாந் தரப் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு நடத்தினேன். ஏவல் வினையிலே தொடங்குவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். வினாவிலே தொடங்கினோம். 'வட் இஸ் திஸ்', 'வை', 'ஹவ் மச்', 'ஹூ சைன்ட் இட்'. முதல் வாரம் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டுச் சிரித்தனர். இரண்டாம் வாரம் வேலை முடிந்து வரும் தாய்மார் நால்வர், கூடையை வெளியே சாய்த்து வைத்துவிட்டுப் பின்வரிசையில் வந்திருந்தனர். பிள்ளைகளைப் பார்க்க வந்தார்கள் என்று எண்ணினேன். ஒருவர் சேலைத் தலைப்பிலிருந்து மருந்துப் பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். "இதச் சாப்பாட்டுக்கு முன்னுக்கா, பின்னுக்கான்னு அதுல போட்டிருக்காமே. எங்கன போட்டிருக்கு, காட்டு" என்றார். காட்டினேன். அந்தச் சொற்கள் இரண்டையும் கரும்பலகையில் எழுதித் தரும்படி கேட்டார். எழுதினேன். கண்ணாடி இல்லாமையால் எழுந்து வந்து பலகைக்கு மிக அருகில் நின்று, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் பார்த்தார். அடுத்த விடுமுறையில் அவர்களுக்கென வேறொரு நேரம் ஒதுக்கவேண்டும். ஏழு மணிக்கு மேலே என்றால் அவர்களுக்கு வசதி என்கின்றனர். மின்விளக்குக்கு என்ன செய்வது என்பதுதான் இன்னும் தீரவில்லை.